உலக முடிவில் ஒன்றும் தெரியவில்லை

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே தங்கச்சி நுவரெலியாவில் அறை எடுத்துவிட்டாள். செத்தவீட்டுக்கு லண்டனிலிருந்து வந்தவள். திரும்பிப் போக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில், மருந்துக்கும் சந்தைக்கும் தவிர நான் உடுப்பிட்டி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நீங்கள் எங்கையாவது வெளிக்கிட்டால்தான் சரி," என்றாள்.

நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு விருப்பம் வேண்டும்.

அந்த நாட்களில் எனக்கு அழுகையே வரவில்லை. கட்டிப்பிடித்து அழுத பெண்களின் தோளில் என் நாடி கிடந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் வான் எங்களை மலைமேல் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் இறக்கியது. வாசலில் நின்ற காவலர்கள், பொலித்தீன் உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று பையைத் திறந்து, பிஸ்கற்றின் உறையை உரித்துவிட்டுப் பேப்பரில் சுற்றித் தந்தார்கள். வான்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரைமான் மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. தங்கச்சி படம் எடுத்தாள். நான் கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் பனையும் கோயில் கோபுரமும்தான். தங்கச்சியின் இன்னொரு சோடிச் சப்பாத்து எனக்குப் பெரிது, இரண்டு சோடி சொக்ஸ் போட்டிருந்தேன். பாதை முழுக்கச் சேறும் கல்லும் மரவேரும். கொஞ்சம் ஏறியதுமே நெஞ்சு அடித்தது, தொடை நடுங்கியது. இரண்டு பக்கமும் புல்வெளி என்றாள் தங்கச்சி. பனிமூட்டத்துக்குள் எனக்குத் தெரிந்தது அவளுடைய நீல ஜக்கற் மட்டும். அதைப் பார்த்தபடியே நடந்தேன். கால் நோகிறது என்று தெரிந்தது, ஆனால் அது வேறு யாரோ எனக்குச் சொன்ன செய்திபோல இருந்தது.

உலக முடிவு என்கிற அந்தப் பெரிய பள்ளத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது, முன்னால் வெறும் வெள்ளை. ஒரு சிங்களக் குடும்பம் நிலத்தில் குந்தி பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பனி விலகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலகவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தும் ஒண்டும் தெரியேல்லையே. உங்களுக்குக் கவலையா இல்லையோ?" என்றாள் தங்கச்சி.

"இல்லை."

அவள் ஜக்கற்றின் கழுத்தை இழுத்து மூடினாள். பிறகு, "அக்கா, கடைசி நேரத்திலை அம்மா என்னைக் கேட்டவவோ?" என்றாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஈரம் அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை.

"அவ ஒருத்தரையும் கேக்கேல்லை, பிள்ளை. என்னையே ஆரெண்டு கேட்டவ."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பும் வழியில் எனக்காக நிற்காமல் வேகமாக நடந்தாள். வழியில் இருந்த ஒரு நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதையில் அவள் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கணுக்காலைப் பிடித்தபடி சேற்றில் இருந்தாள்.

"ஏலாது அக்கா. ஊண்ட ஏலாது."

நான் யோசிக்கவில்லை. அவளுக்கு முன்னால் குனிந்தேன். "என்ரை கழுத்தைக் கட்டிப்பிடி. நான் சொல்லேக்கை எழும்பு." இரண்டு கைகளையும் அவள் கமக்கட்டுக்குக் கீழால் விட்டு முதுகில் கோத்து, என் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்துத் தூக்கினேன்.

"மெல்ல அம்மா, மெல்ல. விழமாட்டீங்கள்."

தங்கச்சியை நான் வாழ்க்கையில் மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது.

"அம்மாவை இப்பிடித்தான் தூக்கினனீங்களோ?"

"ஓம். கட்டிலிலையிருந்து கதிரைக்கு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

எழும்பி நின்ற பிறகும் அவள் கழுத்தை விடவில்லை. அழுதாள். குளிரில் மரத்துப்போயிருந்த என் தோலில் அவள் கண்ணீர் சுட்டது. எனக்கும் வருமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. தங்கச்சி நல்ல பாரம் என்று மட்டும் நினைத்தேன். அம்மா கடைசியில் ஒரு பாரமும் இல்லாமல் போயிருந்தவ.

மிச்சத் தூரம் முழுக்க அவள் என் தோளில் தொங்கியபடி ஒற்றைக் காலால் வந்தாள். அந்தச் சிங்களக் குடும்பத்துத் தகப்பன் பின்னால் வந்து, ஒன்றும் சொல்லாமல் எங்கள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். தூறல் தொடங்கியது. வானுக்கு வந்து சேரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அவள் காலை என் மடியில் நீட்டிப் படுத்தாள். நான் இருந்தபடியே நித்திரையாகிப்போனேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னால் குந்தவோ எழும்பவோ முடியவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டும் அவள் நொண்டிக்கொண்டும் தேத்தண்ணி போடப்போய்க் குசினிக்குள் முட்டுப்பட்டபோது அவள் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த கிழமை அவள் போய்விட்டாள். இப்போது ஞாயிறுகளில் ஃபோன் எடுக்கும்போது, முன்னைப்போலச் சுகம் விசாரித்துவிட்டு வைப்பதில்லை. அம்மாவுக்கு என்ன கரைச்சுக் குடுத்தனீங்கள், எப்பிடித் தலைக்கு வாத்தனீங்கள், முதுகுப் புண்ணுக்கு என்ன பூசினனீங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.