அண்ணாத்தேவின் சொர்க்கமும் ரீட்டா அக்காவின் வடையும்

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்ன உள்நாட்டுப் போர்.

இந்தியாவில் வாழ்வதற்குச் சிறந்த ஊர்கள், மோசமான ஊர்கள் என்று ஒரு தரவரிசையை யாரோ ஃபார்வர்டு செய்திருந்தார். யார் கணக்கெடுத்தது, எதை வைத்து எடுத்தது... ஒரு விவரமும் இல்லை. ஆனால் கலர் கலராக இருந்தது. அது போதாதா?

சிறந்த ஊர்களில் எங்கள் அயனம்பாக்கம் இல்லை. சரி, எதிர்பார்த்ததுதான். மோசமான ஊர்களிலும் இல்லை. அங்கேதான் எல்லோருக்கும் ரோஷம் வந்தது. ஏரிக்கரையில் வீடு கட்டி, ஐப்பசி வந்தால் ஏரியையே ஹாலில் குடிவைக்கிறோமே, எங்களுக்குக் கடைசி இடம் கூடவா கிடையாது? அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நாங்கள் தொலைத்த இளமைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கோயம்புத்தூர்தான் சொர்க்கம் என்றார் ஒருவர். அவருக்கு மாமியார் வீடு அங்கே. புனே என்றார் இன்னொருவர். மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியவர். சண்டை முற்றி, ஆவடிக்காரர்கள் இருவர் குழுவை விட்டே வெளியேறினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் தீர்ப்பு சொல்ல எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஜெபராஜ். தெருவுக்கே அண்ணாத்தே. துணை ராணுவப் படையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஜார்க்கண்ட் காடு, ராஜஸ்தான் மணல், காஷ்மீர் பனி... அவர் நின்று காவல் காக்காத மாநிலம் குறைவு. அவர் இப்போது ஊரில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

அண்ணாத்தேவின் கணக்கில் இந்தியாவில் மொத்தம் இரண்டே ஊர். ஒன்று ஷில்லாங். மற்றதெல்லாம் ஒரே ஊர்.

ஷில்லாங்கில் அவருக்கு இரண்டு மூன்று வருஷம் போஸ்டிங். கல்யாணமான புதிது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு கேட்டால் எலும்பெல்லாம் சிலிர்க்கும் என்பார். யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்பார். இதையெல்லாம் லீவில் வரும்போது அவர் யாரிடம் சொல்வார்? ரீட்டா அக்காவிடம்தான்.

ரீட்டா அக்கா அவர் மனைவி. முதலில் ஆவடி குவார்ட்டர்ஸில், அப்புறம் அயனம்பாக்கத்தில் கட்டிய சொந்த வீட்டில், இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தவர். அண்ணாத்தே மேகத்தைப் பற்றிப் பேசும்போது அக்கா மீன் கழுவிக்கொண்டிருப்பார். “மேகம் கீதா? நல்லது. இங்க மோட்டார் ஓடல, அத்த இன்னானு பாரு” என்பார்.

ரிட்டயர் ஆகி வந்ததும் அண்ணாத்தே அறிவித்துவிட்டார். மீதி வாழ்க்கை ஷில்லாங்கில்தான். இந்தக் கொசுவோடும் தூசியோடும் மனுஷன் வாழ முடியாது.

அக்கா சம்மதிக்கவில்லை. அந்தக் குளிரில் போய் யார் சாவது என்று கேட்டார். வீட்டில் சில மாதம் இதே பேச்சு. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மூன்று மாதம் அங்கே வாடகை வீட்டில் இருந்து பார்ப்பது. பிடித்தால் தங்குவது, இல்லாவிட்டால் அண்ணாத்தே அதன் பிறகு ஷில்லாங் என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது.

“அவர் வாயை அடைக்கத்தான் தம்பி போறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, இட்லி அரிசி, புளி, கருவாடு சகிதம் அக்கா ரயில் ஏறினார். புதையல் தேடப் போகிறவர் மாதிரி அண்ணாத்தே முகத்தில் அப்படி ஒரு ஒளி.

அங்கே நடந்ததை அண்ணாத்தே பிறகு எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார்.

முதல் வாரம் அவர்தான் வழிகாட்டி. அருவி, ஏரி, சர்ச் எல்லாம் சுற்றிக் காட்டினார். இரண்டாவது வாரம் முழங்கால் வலித்தது. ஊரே மேடும் பள்ளமும். பால் காபிக்குச் சரியில்லை. ரோட்டில் கார்கள் நகரவே இல்லை... அம்பத்தூர் சிக்னலே தேவலை என்று முதல் முறையாக அவர் வாயிலிருந்து வந்தது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் அண்ணாத்தே தன் பழைய கேம்ப்பைப் பார்க்கப் போனார். வாசலில் காவலுக்கு நின்ற இளம் ஜவான் சல்யூட் எல்லாம் அடித்துவிட்டு, உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான்.

“ஒரு பேரும் வாய்ல வரல நைனா” என்றார் அண்ணாத்தே. “எனக்குத் தெரிஞ்சவன் அல்லாரும் ரிட்டயர் ஆயி அவனவன் ஊருக்குப் பூட்டானுங்க. ரெண்டு பேர் செத்தே பூட்டானுங்க. கேட்ல நின்னு மரத்தைப் பாத்துகினு திரும்பி வந்துட்டேன்.”

நான் டீ சொன்னேன்.

இதற்கிடையில் ரீட்டா அக்கா என்ன செய்துகொண்டிருந்தார்?

வீட்டுக்காரம்மா ஐரிஸ், கீழ்த்தளத்தில் ஒரு சின்ன டீக்கடை நடத்துகிறவர். அங்கே ‘அக்கா’ என்பதற்குக் ‘காங்’ என்பார்களாம், அதனால் அவர் காங் ஐரிஸ். குளிர் காய அந்தக் கடை அடுப்பருகே போய் உட்கார்ந்தார் நம் அக்கா. உட்கார்ந்த கை சும்மா இருக்குமா? தட்டு கழுவியது. அப்புறம் மாவு பிசைந்தது. ஒரு சனிக்கிழமை பருப்பு வடை சுட்டது.

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வடைக்காக ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஆரம்பத்தில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் அண்ணாத்தேதான் மொழிபெயர்ப்பாளர். அவர் இந்தியில் கேட்டுத் தமிழில் சொல்வார். சில வாரத்தில் இருவரும் பாதித் தமிழ், பாதி அந்த மலை மக்களின் காசி மொழி, மீதி கையசைப்பு என்று நேராகவே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாத்தேவுக்கு அந்த வேலையும் போயிற்று.

காசி மக்களிடம் சொத்து பெண் வழியில் போகும். வீடு கடைசி மகளுக்கு. காங் ஐரிஸ் வீடும் அப்படி வந்ததுதான். இதைக் கேட்டுக்கொண்டு மாடிக்கு வந்த அக்கா, கணவரிடம் மெதுவாகக் கேட்டாராம்.

“ஏங்க, நம்ம அயனம்பாக்கம் ஊடு யார் பேர்ல கீது?”

“என் பேர்ல. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

“நைனா, ஜார்க்கண்ட் காட்ல கண்ணிவெடிக்கு நடுவுல நடந்தவன் நான். அந்த ‘சும்மா’வுக்குப் பயந்தாப்ல எதுக்கும் பயந்ததில்ல” என்றார் என்னிடம்.

மூன்று மாதம் முடிந்தது. அண்ணாத்தே சந்தோஷமாகப் பெட்டி கட்டினார். தோற்றுப் போன சந்தோஷம். அக்கா அவருடைய ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தார். தன் புடவைகளை எடுக்கவில்லை.

“நீங்க போங்க. நான் கிறிஸ்துமஸ் முடிச்சிட்டு வரேன்” என்றார்.

அண்ணாத்தே கத்தியிருக்கிறார். ஊரில் என்ன சொல்வார்கள், எனக்கு யார் சோறு ஆக்குவார்கள் என்று. அக்கா குரலை உயர்த்தவில்லையாம்.

“அத்தினி வருஷம் மெஸ்ல சாப்ட்டீங்க. எதுனா கெட்டுப் போச்சா? ஒவ்வொரு வாட்டியும் சென்ட்ரலுக்கு வந்து நான்தான் உங்கள ஏத்தி வுட்டேன். ஒரு நாளாவது போவாதீங்கனு சொன்னேனா? நீங்க நாட்டையே பாத்துட்டீங்க. நான் இப்பதாங்க வெளிய வந்து கீறேன்.”

குவஹாத்தி ஸ்டேஷன் வரை மலையிறங்கி வந்து அக்காதான் அவரை ரயிலேற்றி விட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தும் வந்தாராம்.

தனியாக வந்து இறங்கியவரைத் தெரு சும்மா விடுமா? அக்காவுக்கு அந்தக் கிளைமேட் ஒத்துக்கொண்டது என்றார் முதலில். அப்புறம் முழங்கால் வைத்தியம் என்றார். முழங்கால் வலி இவருக்குத்தானே என்று என் மனைவி கேட்டதும் அந்தப் பொய்யையும் விட்டுவிட்டார். கோபம் மட்டும் இருந்தது. அக்கா போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார்.

அப்போதுதான் மழை வந்தது.

எங்கள் தெருவில் முதலில் தண்ணீர் நுழையும் வீடு அண்ணாத்தே வீடு. அன்று காலை நான் போனபோது, கணுக்கால் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ஹாலில் நின்றிருந்தார். எதை முதலில் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் எண்ணெய் சடசடக்கிற சத்தம்.

“மொதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க” என்றார் அக்கா. “பண்ணிட்டீங்களா? பாத்ரூம் ஓட்டைல கோணித் துணி அடைங்க, அங்கேர்ந்துதான் பாம்பு வரும். கட்டிலுக்கு அடில செங்கல் கீது, பிரிட்ஜுக்கு முட்டுக் குடுங்க. தம்பி கீறாரா? ரெண்டு பேரா தூக்குங்க, இடுப்பைப் புடிச்சிக்கப் போவுது.”

நாங்கள் தூக்கினோம். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கறைகள், ஒன்றன் மேல் ஒன்றாக. அண்ணாத்தே அவற்றையே பார்த்தார்.

“இதெல்லாம் எப்ப வந்தது ரீட்டா?”

“நீங்க டூட்டில கீறப்ப.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னா? அங்கேர்ந்து பக்கெட் எடுத்துகினு வந்திருப்பீங்களா? வைங்க, வடை தீயுது.”

போன் வைக்கப்பட்டது. அண்ணாத்தே தண்ணீரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “பொண்ணுங்கள வெச்சிகினு எப்டி நைனா தூக்கியிருப்பா இந்த பிரிட்ஜை?”

தண்ணீர் வடிந்ததும் அவர் இரண்டு காரியம் செய்தார். ஹாலின் தரையை உயர்த்தினார். வீட்டை அக்கா பேருக்கு மாற்றினார். இரண்டாவதை அக்காவிடம் போனில் சொன்னபோது, நல்லா இருங்க என்று மட்டும் சொன்னாராம். ஆனால் அன்றைக்கு இரண்டாவது முறையும் போன் செய்து, சாப்ட்டாச்சா என்று கேட்டாராம்.

அக்கா பொங்கலுக்கு முன் வந்தார். கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் இளைத்து, சிரிப்பு மட்டும் கூடியிருந்தது. தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். எந்த ஊர் அக்கா நல்ல ஊர்?

“ரெண்டும் நல்ல ஊர்தான் தம்பி. இவரு ரெண்டு ஊர்லயும் சும்மா உக்காந்துகினு குறை சொல்றாரு. அதான் பிரச்சினை.”

அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்திருந்தார். மாசி கடைசியில் திரும்பிப் போகும்போது இரண்டு டிக்கெட். காங் ஐரிஸ் கடையில் வெங்காயம் நறுக்க ஆள் தேவைப்பட்டது. மழைக்காலத்துக்கு இங்கே, மற்ற மாதங்கள் அங்கே என்று ஒப்பந்தம்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். எழுதிக்கோ, ஆனால் வடையில் நான் சோடா உப்பு போடுவதில்லை என்பதையும் சேர்த்து எழுது என்றார். எழுதிவிட்டேன்.

அண்ணாத்தேவிடமும் நேற்று போனில் பேசினேன். ஷில்லாங் இப்போது எப்படி இருக்கிறது, பிடிக்கிறதா என்று கேட்டேன்.

“இன்னா நைனா சொல்றது” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “காலைலேர்ந்து வெங்காயம். கண்ணைத் தொறந்தாத்தானே ஊரைப் பாக்க முடியும்?”