ஏழு மாடும் ஓர் ஆழ்துளைக் கிணறும்

எங்கள் பெரியம்மாவுக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணைக் கட்டியவர் பால்காரர். முறைக்கு எனக்கு மச்சான். வீடு வீடாகப் பால் ஊற்றியே தலை நரைத்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகள் இல்லை. ஏழு மாடுகள் மட்டும்தான். "எனக்கு ஏழு மருமக. ஒருத்தியும் எதிர்த்துப் பேச மாட்டா" என்பாள் அக்கா.

மழை பொய்த்து, கிணறு வெறும் சேறாகிப் போன வருஷம் அது. லாரித் தண்ணீரில்தான் ஊரே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அப்புறம் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது, லாரியும் நின்றது. தண்ணீர் மட்டுமா, பால் எடுக்க வரும் வண்டி, பாலைக் குளிரவைக்கும் மின்சாரம், தீவனம் ஏற்றி வரும் லாரி என்று எல்லாமே அந்த எண்ணெயிலும் வாயுவிலும்தான் ஓடுகிறது என்பது நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

மாட்டு வியாபாரி மட்டும் எப்படியோ டீசல் பிடித்துவிட்டான். "வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள தண்ணி கிடைச்சா நல்லது, சும்மா திரும்பிடுறேன். இல்லேன்னா ஏத்திடுவேன். எலும்பானப்புறம் எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மச்சான் எங்கெங்கோ அலைந்து போர் போடுகிற வண்டியைக் கூட்டிவந்தார். ஒரு குழி போடத்தான் அதில் டீசல் இருந்தது. துளை நன்றாக இறங்கியபோது பாறை இடுக்கில் ஈரம் தட்டியது. பிறகு நூல் பிடித்த மாதிரி தண்ணீர் ஊறியது. போர்க்காரர் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம்தான் அண்ணே. ஆனா நல்ல தண்ணி. இதோட நிறுத்திக் குழாயை இறக்கிடலாம்."

"எவ்வளவு ஊறும்?"

"விடிய விடிய இறைச்சா ரெண்டு மாட்டுக்குத் தாங்கும்."

"மிச்சம் அஞ்சுக்கு?"

போர்க்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போதுங்க, ரெண்டாவது நிக்கட்டும்" என்றாள் அக்கா.

"எந்த ரெண்டுன்னு நீயே கை காட்டு" என்றார் மச்சான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னும் ஆழமாத் துளையை இறக்கு தம்பி. கீழே பெரிய ஊத்து இருக்கும்" என்று அவர் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

டீசல் தீரப்போகும் நேரத்தில் கெட்டியான களிப்பாறை ஒன்றைத் துளைத்துக்கொண்டு கம்பி சட்டென்று கீழே நழுவியது. குபுகுபுவென்று தண்ணீர் பொங்கியது. மச்சான் இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டார், அப்படியே துப்பினார். கரிக்கிற உப்பு. தண்ணீரெல்லாம் குமிழி, மண்ணெண்ணெய் வாடை வேறு. போர்க்காரர் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தார். "யாரும் பீடி பத்த வைக்காதீங்க. வாயு வருது."

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன், "அதிர்ஷ்டக்காரரய்யா நீர். இனிமே பால் காய்ச்ச அடுப்பு ஓசி" என்றான்.

"கறக்க மாடு வேணுமே" என்றார் மச்சான்.

மறுநாள் போர்க்காரர் தகவல் சொல்லி எண்ணெய் இலாகாவிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்தாள். குழாய் வைத்து அளந்து பார்த்துவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னாள்.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சுங்க. அதுல இருந்த பாசி, கண்ணுக்கே தெரியாத பூச்சிகள் எல்லாம் செத்து அடியில சேத்தோட படிஞ்சுது. மேல மண்ணு மூடி, காத்துப் படாம, மக்கவும் வழியில்லாம, கோடிக்கணக்கான வருஷம் அழுத்தத்துலயும் சூட்டுலயும் வெந்துச்சு. பதமா வெந்தது எண்ணெய். இன்னும் வெந்தது வாயு. அது குளம் மாதிரி தேங்கி நிக்காது. பஞ்சுல தண்ணி மாதிரி கல்லோட பொடித்துளைக்குள்ள இருக்கும். மேல ஏறப் பார்க்கும். களிப்பாறை மூடியா இருந்தாத்தான் அடங்கிக் கிடக்கும்."

"அந்த மூடியத்தான் நான் உடைச்சேனா?"

"ஆமாங்க. இந்த உப்புத் தண்ணியும் அந்தக் கடலோடதுதான்."

"எடுத்து உபயோகப்படுத்துவீங்களா?"

"கொஞ்சம்தான் இருக்கு. எடுக்கிற செலவுக்குக் கட்டாது. விட்டா ஆபத்து. அடைக்கணும்."

அக்கா முன்னால் வந்தாள். "தாயி, மேல ஊறின அந்த நல்ல தண்ணிய விட்டுட்டு, கீழ மட்டும் அடைங்க."

"நடுவுல பாறை நொறுங்கிக் கிடக்கும்மா. வாயு அது வழியா ஏறும். மேல வரைக்கும் அடைச்சாத்தான் உங்களுக்கும் பத்திரம்." சொல்லும்போதே பொறியாளர் அம்மாவின் முகம் வாடிப்போனது. அவள் மேல் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இலாகா டீசலில் சிமெண்ட் வண்டி வந்தது. கூடவே ஒரு டேங்கர். சிமெண்டை உப்புத் தண்ணீரில் குழைத்தால் சரியாகப் பிடிக்காதாம், அதற்காக நல்ல தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். குழாயைத் திறந்ததும் தொழுவத்தில் ஏழு மாடும் எழுந்து நின்றன. கயிறு தெறிக்க இழுத்தன, அடித்தொண்டையில் கத்தின. இவர்கள் தண்ணீரைச் சிமெண்டில் குழைத்துக் குழைத்துக் குழிக்குள் ஊற்றினார்கள். மச்சான் டேங்கர் ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தொட்டி மட்டும் குடுப்பா. கால்ல விழறேன்."

"ஐயா, குறைஞ்சா குழி பாதியில நிக்கும். மிஞ்சினா நீங்க எடுத்துக்குங்க."

மிஞ்சியது ஒரு வாளி. மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு தொழுவ வாசலில் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் நீண்டது. சினைமாட்டின் முன்னால் வைத்தார். மற்ற ஆறும் கத்துவதை அக்கா காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

அது குடித்து முடித்து வாளியின் அடியை நக்கிக்கொண்டிருக்கும்போதே வியாபாரியின் லாரி வந்து நின்றது. "இது ஒண்ணு நிக்கட்டும்" என்றாள் அக்கா.

"நாளைக்கு இதுக்கு என்ன குடுப்ப?" என்று கேட்டுவிட்டு, மச்சானே அதன் கயிற்றை அவிழ்த்தார்.