விட்டுக்கொடுக்காத பீரியட்

பத்தொன்பது வருடமாகப் புவியியல் நடத்தும் டீச்சரைத் தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார்.

"உங்க பீரியடைக் கணக்குக்கு விட்டுக்குடுத்து கையெழுத்துப் போடுங்கம்மா. மேப்பெல்லாம் இப்ப போன்லயே இருக்கே."

"போன் வழி சொல்லும் சார். மழைத்தண்ணி எங்க தேங்கும்னு சொல்லுமா? புது லைப்ரரியைப் பள்ளத்துல கட்டாதீங்கன்னு ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க சரிவை அளந்து வரைஞ்சு குடுத்தாங்க. 'ஏட்டுச் சுரைக்காய்'னு சிரிச்சீங்க. இப்ப புத்தகமெல்லாம் மொட்டைமாடியில காயுது!"

டீச்சர் தாளில் 'சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மணி அடித்தது. வகுப்பில் கணக்கு வாத்தியார் அதற்குள் பாதிக் கரும்பலகையை நிரப்பியிருந்தார்.

"இருக்கட்டும் தம்பி, அழிக்க வேணாம்" என்று அதன் மேலேயே வரைபடத்தைத் தொங்கவிட்டார் டீச்சர். "நாளைக்கு உங்க பீரியட்ல வந்து மிச்சத்தைப் போடுங்க."