தீட்டுக் காசு

கோயிலுக்கென்று எடுத்து வைத்த காசில் பேச்சியம்மா ஒருநாளும் கைவைத்தவள் அல்ல. அவளுடைய கெட்டகாலமே அதுதான்.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. சம்பளத்தன்று வீட்டுக்கு ஐம்பது சதம் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். தோட்டத்து மருந்துப் போத்தலுக்கு அடங்காத நோய் வந்தால், அந்தப் பணத்தில் கார் பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூன்று மாதம் கொடுக்காத வீட்டுக்குக் கார் கிடையாது. கிறிஸ்தவர்களான வேதக்காரர்களுக்கு அவர்கள் கோயிலில் தனி நிதி இருந்தது. மற்றவர்களுக்கு இதை விட்டால் வேறு நாதி இல்லை.

1957இல் புருஷன் அழகன் செத்துப்போனான். சாவு விழுந்த வீட்டுக் காசைக் கோயில் ஒரு வருடத்துக்குத் தொடாது. "தீட்டு கழியட்டும் பேச்சி, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று கோயில் தலைவர் ஆண்டியப்பன் திருப்பி அனுப்பினார். அவளும் மாதாமாதம் ஐம்பது சதத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். அரிசி இல்லாத நாளில்கூட அதை அவிழ்க்கவில்லை.

ஏழாம் மாதம், ஒன்பது வயது மகள் சண்முகவடிவுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. தன்னால் ஆகாது, நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் பிழைக்கும் என்று தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்தார். பேச்சியம்மா முடிச்சோடு தலைவர் வீட்டுக்கு ஓடினாள்.

"புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க. கார் வேணும்."

"ஏழு மாசமா நீ காசு கட்டலையே."

"நீங்கதானே வேணாம்னீங்க. இந்தாங்க, அப்படியே இருக்குங்க."

"தீட்டுக் காச எப்படி வாங்குறது? கோயில் கமிட்டி கேட்டா நான் என்ன சொல்ல?"

மாரியாத்தாள் ஒரு பிள்ளையைத் தள்ளி வைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தள்ளி வைத்தது கமிட்டிதான். பேச்சியம்மா மகளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. அப்படியே திரும்பி நடந்தாள்.

மகளுக்காக இன்னொரு வருடத் தீட்டு. அந்த மாதங்களின் ஐம்பது சதமும் மஞ்சள் முடிச்சில் சேர்ந்தது. அது கழிந்த சம்பளத்தன்று ஆண்டியப்பனே கணக்கு நோட்டோடு அவள் குடியிருந்த லயத்துக்கு வந்தார்.

"விட்டுப்போன மாசத்துக்கும் சேத்துக் குடுத்துரு. பேரு பழையபடி சேந்துரும்."

அவள் மஞ்சள் முடிச்சை அவர் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள். அவர் எண்ணி எழுதிக்கொண்டார்.

"கணக்கு சரிங்களா?"

"சரியா இருக்கு."

"தீட்டு ஒண்ணும் இல்லீங்களே?"

"எல்லாம் கழிஞ்சிருச்சு தாயி."

"அப்ப காரக் கூப்பிடுங்க. எம் புள்ளைக்கு மூச்சு வாங்குது."