சந்தைப்படுத்திய குற்றம்

போன வாரம் ஒரு பயிற்சியில் கொடுத்த துணிப்பை என் மேசைமேல் கிடக்கிறது. அதில் பச்சை எழுத்தில் "நூலகம் ஒரு பிராண்ட்" என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சான்றிதழ். வீட்டுக்குள் வரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருப்பவள் நான். ஊசிக்குக்கூட என் வீட்டில் முகவரி உண்டு என்று மகன் கேலி செய்வான். இந்தப் பைக்கு மட்டும் இடம் அமையவில்லை. எங்கே வைத்தாலும் கண்ணில் படுகிறது, பட்டால் கோபம் வருகிறது. ஆறட்டும் என்று சில நாள் விட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியின் பெயர் "நூலகர்களுக்கான பணித்திறன் மேம்பாடும் நூலகச் சேவைகளைச் சந்தைப்படுத்தலும்". நடந்த இடம் கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீடு. யாரோ ஒரு புரவலர் ஒரு நாளைக்கு இடம் கொடுத்திருந்தார். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். உட்கார்ந்ததும் எலுமிச்சைப்புல் வாசனை மூக்கில் ஏறியது. ஓட்டல்காரர்கள் எதையோ தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிற இடத்தில் எலுமிச்சைப்புல் எதற்கு என்று அப்போதே மனம் குறை சொல்லத் தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் புத்தகத்துக்குப் பொருத்தமான மணம் கருவாட்டு மணம்தான். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

என் வேலையின் ஆரம்ப வருடங்களில், காரைக்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஊர்ப்பெயரை விட்டுவிடுகிறேன், இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் பாவம், அவர்களுக்கு இதில் பங்கில்லை. ஓட்டுக் கட்டடம். காலையில் செய்தித்தாள் படிக்க ஆண்கள் வருவார்கள், மாலையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர். பெண்கள் வாசலைத் தாண்ட மாட்டார்கள். எட்டிப் பார்ப்பார்கள், ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். அலமாரிகள் மட்டும் அற்புதமாக இருந்தன. நான் அடுக்கியவை. ஒரு புத்தகம் ஒரு விரல் முன்னே நீட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. யாரும் எடுக்காததால்தான் அந்த ஒழுங்கு குலையவில்லை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது.

அப்போதும் பயிற்சிகள் உண்டு. புத்தகத்துக்கு எண் கொடுப்பது, அட்டவணை எழுதுவது, கரையானுக்கு மருந்து வைப்பது, கிழிந்ததை ஒட்டுவது. எல்லாம் வேண்டியவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு பெண்ணை எப்படி உள்ளே கூப்பிடுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கரையான் எப்படி உள்ளே வருகிறது என்று தெரிந்த அளவுக்கு வாசகர் எப்படி வருவார் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த நிலையில்தான் வள்ளிக்கண்ணு வந்தாள். மானகிரியில் தச்சு வேலை செய்யும் ஆசாரி குடும்பத்துப் பெண், கல்யாணமானவள். நூலகப் படிப்பில் சான்றிதழ் வாங்கியிருந்தாள். தினக்கூலிக்குத்தான் எடுத்தார்கள், சில வருடம் கழித்து, வேலைக் குறிப்பில் கறை இல்லாதவர்களை நிரந்தரமாக்குவார்கள் என்பது நடைமுறை. அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. "வேல நிரந்தரமாயிட்டா எங்க வீட்டுல நான் வாயத் தொறந்து பேசலாம்க்கா. இப்பப் பேசுனா, 'கூலிக்குப் போறவளுக்கு என்ன பேச்சு'ங்கிறாக" என்பாள்.

அவள் அடக்கமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். தினம் ஒரு நிறத்தில் கண்ணாடி வளையல் போடுவாள், அதைப் பார்த்து நாம் ஏதாவது சொல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வந்த முதல் வாரமே என் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நகைக்கடை மாதிரி வச்சிருக்கீகக்கா. யாரு தொடுவா?" என்றாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

வாரச் சந்தைக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம் என்பது அவளுடைய யோசனை. நான் விதிப் புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்தேன். கொண்டு போகலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கிளைக்குப் பொறுப்பான நான் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கட்டைப்பையில் புத்தகங்களோடு, வெங்காயக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

அவள் வேலை செய்கிற விதத்தை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். கூவ மாட்டாள். ஒரு கதையைப் பிரித்துப் பக்கத்துக் கடைக்காரிக்குச் சொல்வது போல வாசிப்பாள். நாலு பேர் நின்றுவிடுவார்கள். பெண் வீட்டை விட்டு வெளியேறி ரயிலடிக்கு வந்துவிட்டாள், ரயில் வந்துகொண்டிருக்கிறது, பின்னால் யாரோ கூப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் டக்கென்று மூடிவிடுவாள்.

"யாரு கூப்புட்டா?" என்று கருவாட்டுக் கடைக் காளியம்மாள் கேட்டார்.

"உள்ளதான் எழுதியிருக்கு. கொண்டுபோய்ப் பாருங்க."

"எனக்கு எழுத்து தெரியாதுடி."

"உங்க மருமகளுக்குத் தெரியும்ல?"

"அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல."

"பேச வேணாமே. அவ வாசிப்பா, நீங்க கேக்கப் போறீக. அது பேச்சுல சேராது."

காளியம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த சந்தையில் திரும்பி வந்தபோது அந்தப் புத்தகத்தில் நெத்திலி மணந்தது. நான் அதை வெயிலில் காயவைத்தேன், துடைத்தேன், வேப்பிலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "விடுங்கக்கா, படிச்சதுக்கு அத்தாட்சி" என்றாள் வள்ளிக்கண்ணு. மருமகள் பெயரிலும் ஓர் உறுப்பினர் அட்டை போட்டோம். அதன் பிறகு சந்தைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சிலர் நூலகத்துக்கே வரத் தொடங்கினார்கள். ஆண்கள் காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். என் அலமாரிகளில் பல்லு விழுந்த மாதிரி இடைவெளிகள். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஒரு சந்தை நாளில் எங்கள் மேலதிகாரி மனைவியோடு காய்கறி வாங்க வந்தார். அவர் முகம் வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியாது. அவர் நின்று பார்த்திருக்கிறார். இவள் கூப்பிட்டிருக்கிறாள்: "வாங்க சார், எடுத்துப் பாருங்க. காசு கெடையாது, படிச்சுட்டுக் கொண்டாந்து குடுத்தாப் போதும்." அவர் யார் அனுமதி, எந்த விதி, எந்தக் கிளை என்று அடுக்கியிருக்கிறார். இவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். சந்தையில் எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கும் ஆட்கள் உண்டல்லவா, அப்படி ஒருவர் என்று. "சும்மாதான் சார் குடுக்குறோம். இதுலயும் பேரம் பேசுறீகளே" என்று சொல்லிவிட்டாள். வெங்காயக் கடையில் சிரித்துவிட்டார்கள். அவர் மனைவியும் சிரித்துவிட்டாராம். அதுதான் கேடாகப் போயிற்று.

இரண்டே நாளில் அவளிடம் விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. குற்றச்சாட்டு ஒரே வரி. "பொது நூலகத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம் ஏற்படும் வகையில் நூல்களைச் சந்தைப்படுத்தியமை." அந்தச் சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தையில் வைத்ததைச் சொல்ல அவரே உருவாக்கிய சொல்லாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். என் அனுமதியோடுதான் நடந்தது, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று நான் எழுதி அனுப்பினேன். வள்ளிக்கண்ணுவுக்கும் விதிகளை எடுத்துக்காட்டி நீளமாக ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். தன் கையால் எழுதினாள்: "ஆட்கள் அங்கே இருந்தார்கள். அதனால் அங்கே போனேன்."

மேலதிகாரி அவளை நேரில் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "நூலகம் என்ன கத்திரிக்காயா?" என்று கேட்டார். "கருவாட்டுக் கடைக்குப் பக்கத்துல சரஸ்வதிய வச்சிருக்கே." நான் என் கடிதத்தைப் பற்றிப் பேசினேன். பார்க்கிறேன் என்றார். பார்த்ததற்கான அறிகுறி எதுவும் கடைசி வரை இல்லை. நான் நிரந்தரப் பணியில் இருந்ததால் எனக்கு ஓர் எச்சரிக்கையோடு போயிற்று. அனுமதி கொடுத்தவளுக்கு எச்சரிக்கை. அனுமதியோடு போனவளின் வேலைக் குறிப்பில் கறை. அந்த வருடம் நிரந்தரமானவர்களின் பெயர்கள் வந்தபோது அவள் பெயர் இல்லை. அவளுக்குப் பிறகு வந்தவர்கள் பெயரெல்லாம் இருந்தது. மனு மேல் மனுவாக நான் போட்டேன். அவள் ஒரு மாதம் வந்தாள், வளையல் போடாமல். பிறகு கணவரோடு திருப்பூர் போய்விட்டாள்.

இப்போது கானாடுகாத்தானுக்கு வருகிறேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒலிவாங்கியோடு வந்து நின்ற வல்லுநர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மேலதிகாரியேதான். ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு. ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் இந்தப் பயிற்சியைத்தான் கொடுக்கிறாராம்.

"வாசகர்னு சொல்லாதீங்க, வாடிக்கையாளர்னு நினைங்க" என்று தொடங்கினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சொன்னவற்றில் பாதி சரியாகவே இருந்தது. யார் வரவில்லை என்று முதலில் பாருங்கள், அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போங்கள், முழுவதையும் சொல்லாமல் ஆவலைத் தூண்டுங்கள் என்றார். நான் குறிப்பெடுத்தேன். எல்லாம் கோரைப்பாயில் உட்கார்ந்து ஒருத்தி செய்தது. திரையில் ஏதோ வெளிநாட்டுச் சந்தையின் படம் வந்தது. பழக்கூடைகளுக்கு நடுவே புத்தகங்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் நமக்குப் புதுசு இல்ல. நான் பொறுப்புல இருந்தப்பவே நம்ம நூலகர்களச் சந்தைக்கு அனுப்பி உறுப்பினர் சேர்த்தோம்."

கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அனுப்புனது நீங்க இல்ல சார். போனவ பேரு வள்ளிக்கண்ணு. சந்தைப்படுத்தினாள்னு எழுதி நீங்க அவ வேலையக் கெடுத்தீங்க" என்றேன். குரல் உயரவில்லை, எனக்கே ஆச்சரியம். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. "இருக்கலாம்மா. அன்னைக்கு இருந்த விதி அப்படி. காலம் மாறிடுச்சுல்ல?" என்றார். விதி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டதென்று அறிவித்தார்கள். பக்கத்தில் இருந்த இளம் நூலகர், நல்ல பெண்தான், என் புடவையை மெல்ல இழுத்து, "விடுங்கக்கா, சர்டிபிகேட் குடுக்கணும்ல" என்றாள். அவளும் தற்காலிகம்தான்.

எனக்குச் சந்தைப்படுத்தல்மீது கோபம் இல்லை. அந்தப் பயிற்சி வேண்டும், எனக்குத்தான் முதலில் வேண்டியிருந்தது. நூலகர் வாசலுக்கு வெளியே போகக் கற்க வேண்டும். ஆனால் போகத் தெரிந்தவளைத் துரத்திவிட்டு, போகாதவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பதற்குப் பணித்திறன் மேம்பாடு என்று பெயர் வைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. காலம் மாறிவிட்டதாம். காலம் மாறியதில் அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது?

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். இடையில் தீபாவளி, பொங்கல் என்று பேசிக்கொள்வதுதான். பனியன் கம்பெனியில் மேற்பார்வை செய்கிறாள். நடந்ததைச் சொன்னேன். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அனுப்பி வச்சாராமா? கார் குடுத்து விட்டேன்னு சொல்லலையே, அந்த மட்டுக்கும் நல்லவரு."

"சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

"நீங்க ஏன்க்கா எரியுறீக? சரி, நம்ம சந்தை எப்படி இருக்கு?"

சொன்னேன். பாய் போட்ட இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. காளியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மருமகளை ஒருநாள் பேருந்தில் பார்த்தேன். நூலகத்துக்குப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று என்றாள், கூப்பிட ஆள் இல்லை என்றாள். நூலகத்தை எட்டிப் பார்த்தேன், அடுக்குகள் பழையபடி நிறைந்து, நேராக, ஒரு விரல்கூட முன்னே நீட்டாமல் இருக்கின்றன.

"நீ இப்ப என்ன படிக்கிற?" என்று கேட்டேன். எங்களுக்குள் அது குசலம் விசாரிப்பது மாதிரி.

"படிக்கிறதில்லக்கா."

"கண்ணு பாக்கணுமோ என்னமோ. நாற்பதைத் தாண்டினா எல்லாருக்கும்தான். போய்க் கண்ணாடி போட்டுக்க."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள். உடனே பேச்சை மாற்றி, "அங்குட்டு மழை பெய்யுதாக்கா?" என்று கேட்டாள்.