நாக்கால் ஒரு சொடுக்கு

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். திருக்கோகர்ணம் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா குதிரை வண்டி ஓட்டினார். ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் சவாரி பிடிப்பார். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். இருபது வயது ஆகும் முன்பே வெள்ளைச் சேலையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் காலையில் வண்டியைப் பூட்டி வாசலுக்குக் கொண்டுவந்ததும் ஒருமுறை செருமுவார். சளியெல்லாம் ஒன்றும் கிடையாது. எதிரே வந்துவிடாதே, உள்ளே போய்விடு என்று எனக்குச் சொல்லும் செருமல் அது. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகுதான் நான் கூடத்துக்கு வருவேன். கோபம் வரும். யாரிடம் போய்க் காட்டுவது? வீட்டில் மூன்று பேர் இருந்தும், பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவள் மாதிரிதான் இருந்தேன்.

இதில் வேடிக்கை, அந்தக் குதிரையே சகுனம் கெட்ட குதிரை. செவலை நிற மட்டக்குதிரை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி. அப்படிச் சுழி உள்ளதை வாங்கினால் வீட்டில் அழுகை ஓயாது என்று சந்தையில் யாரும் அதைச் சீண்டவில்லை. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. அப்பா தினமும் அதன் நெற்றியில் குங்குமம் வைத்துப் பூட்டினார். குதிரைக்கு ஒரு பொட்டில் தீர்ந்துபோன தோஷம் எனக்கு மட்டும் தீரவில்லை.

தங்கை என்னைவிட ஐந்து வயது சின்னவள். குதிரை விஷயத்தில் அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வந்த புதிதில் செவலை அப்பாவுக்கே அடங்கவில்லை, தோளைக் கடித்துவிட்டது. இவள் கொட்டிலுக்குள் போனாள். குதிரையின் பக்கம் திரும்பவே இல்லை. சுவரோரம் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக வந்து அவள் தலையை மோந்து பார்த்தது. காது நிற்கிற விதத்தைப் பார்த்தே அதற்கு வயிறு சரியில்லை என்பாள், சரியாக இருக்கும். லாடம் அடிக்க ஆள் வந்தால், அவள்தான் அதன் முகத்தோடு முகம் வைத்து நிற்க வேண்டும். வண்டியைக் கிளப்ப அப்பா சாட்டையை ஓங்குவார், அதட்டுவார். இவள் நாக்கால் ஒரு சொடுக்குச் சொடுக்குவாள், அது நடக்க ஆரம்பித்துவிடும். அப்பாவும் சொடுக்கிப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லாத நேரத்தில் நானும் சொடுக்கிப் பார்த்தேன். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

அவளுக்குக் குடுமியான்மலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் ஆன வாரமே என்னைக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இனிமே காலையில செவலைக்குக் கொள்ளு நீதான் வைக்கணும். பாத்திரத்துல வேணாம், கையில வையி" என்றாள். எனக்குக் குதிரை என்றால் பயம். போகப்போகிறவள் வேலையை என் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே நின்று பழக்கினாள். நான் ஊறவைத்த கொள்ளை ஒரு கை நீட்டுவேன். அது தின்று முடித்த பிறகுதான் பூட்டுவதற்கு அவிழ்ப்பாள். அந்த ஈர மூக்கு உள்ளங்கையில் படுவது எனக்குப் பிடித்துப்போயிற்று. நாளடைவில் என் கை வராமல் அது கொட்டிலை விட்டுக் கிளம்புவதில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அவளே வந்து, "இன்னைக்கு நீ கொள்ளு வைக்க வேணாம்க்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். கல்யாண வேலைக்கு வந்திருந்த அத்தை எனக்குப் பின்கட்டில் பாத்திரங்களோடு இடம் ஒதுக்கியிருந்தாள். தாலி கட்டியதை மேளச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். எடுத்து வளர்த்தவள் நான். அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பஸ் ஸ்டாண்ட் வரை எங்கள் வண்டியில் போவதாக ஏற்பாடு. செவலையை எப்படியோ இழுத்துவந்து பூட்டியிருக்கிறார்கள். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அது ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்பா அதட்டினார். பங்காளிகள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். ராகு காலம் வரப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அப்பா சாட்டையை ஓங்கியபோது தங்கையின் குரல் பின்கட்டு வரை கேட்டது.

"அடிக்காதீங்கப்பா. அக்கா கையில கொள்ளு திங்காம அது நகராது."

அப்புறம் செருப்புக்கூடக் கழற்றாமல் அப்பா பின்கட்டுக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "ஆத்தா, கொஞ்சம் வாசலுக்கு வா" என்றார்.

ஈரக் கையோடு கொள்ளை அள்ளிக்கொண்டு போனேன். தெருவே என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன அவசரத்தில் கொள்ளு பாதி மண்ணில் சிந்திவிட்டது. மீதியைச் செவலை நிதானமாகத் தின்று, உள்ளங்கையையும் நக்கியது. நிமிர்ந்தேன். புறப்படும் வண்டிக்கு நேர் எதிரே நான். வண்டிக்குள் மாலையும் கழுத்துமாகத் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒதுங்குவதற்குள் உள்ளேயிருந்து அந்தச் சொடுக்குக் கேட்டது. செவலை நடக்க ஆரம்பித்தது.

மறுநாள் காலை வண்டியைப் பூட்டி வாசலுக்கு வந்த அப்பா செருமவில்லை. நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை இல்லாத வீடு வெறிச்சென்று கிடந்தது. கொட்டிலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அவள் வாக்கப்பட்ட வீட்டில் மாடுகள்தான், குதிரை இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் கொட்டிலுக்குத்தான் போவாள். ஒருமுறை கேட்டே விட்டேன், முதலிலேயே ஏன் சொடுக்கவில்லை என்று. "கல்யாணப் பொண்ணுல்ல, நாக்கு வறண்டுபோச்சுக்கா" என்று சிரித்தாள்.

அப்பாவும் செவலையும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் காலையில் வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம், தன் கல்யாணத்து நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் வெளியே காலை வைக்கிறேன்.