கடைசிப் பெட்டியில் நின்றவர்

போன வாரம் மிளகு விற்க எங்கள் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குப் போயிருந்தேன். கடைவீதியில் லாரியிலிருந்து உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை கிழிந்து யூரியா கொட்டிவிட்டது. அதன்மேல் தூறல் விழ, நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நின்று இழுத்து முகர்ந்தேன், கிறுக்கன் மாதிரி. எனக்கு அது கூட்ஸ் வண்டியின் வாசம். இறந்துபோன என் மனைவி வெள்ளையம்மாவின் வாசம் என்றுகூடச் சொல்வேன். அவள் காதில் விழுந்திருந்தால் அடிக்க வந்திருப்பாள்.

கல்யாணமான புதிதில் சென்ட்ரிங் வேலைக்காக மலையை விட்டு இறங்கினோம். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு சிமெண்டு ஷீட்டு ரூம். மலையில் குண்டனி நாட்டுப் பக்கம் பிறந்த எங்களுக்கு ரயில் என்பது பாடப் புத்தகத்துப் படம்தான். முதல் நாள் காலையில் வண்டி கடந்தபோது பாத்திரமெல்லாம் ஆடியது. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஏனுங்க, ஊடு உளுகுதுங்க!"

"ரயிலுதான் புள்ள, பயப்படாத" என்று தைரியமாகச் சொன்னேன். நானும் அவள் கையை விடாமல் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது. அதிலும் கூட்ஸ் வண்டிதான். "மத்த வண்டியில போறவங்க நம்மளப் பாக்கறாங்க, கூச்சமா இருக்குது. இது யாரையும் பாக்காது, நாமதான் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்பாள். நிலக்கரி, கோதுமை, பெட்ரோல் டேங்கர் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். மூடிய வண்டியில் யூரியா வந்தால் மூக்கே சொல்லிவிடும். ஒரு தடவை சிவப்பு மண் ஏற்றிய வண்டி போயிற்று. "நம்ம மலை மண்ணாட்டமே இருக்குதுங்க" என்றவள் அன்று பொழுது சாயும்வரை ஊர்க்கதையே பேசினாள்.

ஆனால் அவள் காத்திருந்தது கடைசிப் பெட்டிக்காக. கம்பி அடைத்த சின்னத் தாழ்வாரம் போல இருக்கும். அதில் வெள்ளைச் சட்டை போட்ட கார்டு, கையில் பச்சைக் கொடியோடு நிற்பார். "இத்தாம்பெரிய வண்டிக்குக் கடைசில ஒத்தையாளு. பேச்சுத் துணைக்குக்கூட ஆரும் இல்லீங்களே" என்று இரக்கப்படுவாள். அதனால் கை காட்டுவாள். சிலர் கொடியை ஆட்டுவார்கள்.

அவள் நிறைமாசமாக இருந்த சமயம், ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆட்டோ பிடித்து வந்தால், கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு கூட்ஸ் வண்டி நிற்கிறது. சிக்னல் கிடைக்கவில்லை. கடைசி நாலைந்து பெட்டிகள்தான் ரோட்டை மறித்திருந்தன. வெள்ளையம்மா ஆட்டோவுக்குள் கதறினாள். நான் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன்.

"சார், பிரசவ வலிங்க சார்! வண்டியக் கொஞ்சம் நகத்துங்க!"

கார்டு இறங்கி வந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். நரைத்த மீசை. "பேடிக்கண்டா மோளே" என்றார் அவளிடம்; பயப்படாதே மகளே என்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கேரளத்துக்காரர். மலைவாசிகளான எங்கள் ஜாதிச் சான்றிதழிலும் மலையாளி என்றுதான் எழுதுவார்கள், ஆனால் ஒரு வார்த்தை மலையாளம் எங்களுக்குத் தெரியாது. இருந்தும் அவள் கதறலை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் வாக்கி டாக்கியில் டிரைவரிடம் பேசினார். சிக்னல்வரைக்கும் முன்னால் இடம் இருந்திருக்கிறது. எஞ்சின் எங்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில். அங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சத்தம் ஓடிவந்து, வண்டி அசைந்தது. அவர் ஓடிப்போய்த் தொற்றி ஏறினார். ரோட்டில் வழி விட்டது, கேட் திறந்தது.

"தொப்புள்கொடி கழுத்துல சுத்திக்கிட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா ரெண்டு உசுருமே சிரமம்" என்று மகளை என் கையில் கொடுத்து நர்ஸ் சொன்னார்.

அதன்பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்பதே வெள்ளையம்மாவுக்கு வேலை. "அவருக்குப் புள்ளையக் காட்டணுமுங்க." ஒவ்வொரு வண்டிக்கும் குழந்தையை உயர்த்திப் பிடிப்பாள். வேகமாகப் போகும் வண்டியில் எல்லாமே வெள்ளைச் சட்டைதான். அவர் சட்டையில் பெயர் குத்தியிருந்தது, அன்றைக்கு அதை யார் படித்தது? கேட்கீப்பரிடம் விசாரித்தேன். "ஒரு நாளைக்கு எத்தன வண்டி, எத்தன கார்டு! ஆருன்னு சொல்றதுங்க?" என்றார்.

வேலை முடிந்து மலைக்குத் திரும்பினோம். மிளகு, மரவள்ளி என்று காலம் ஓடியது. "ஒரு நாளைக்குப் போயி நின்னு பாத்துட்டு வரலாமுங்க" என்பாள். "இந்த வெள்ளாமை முடியட்டும்" என்பேன். வெள்ளாமை எங்கே முடிகிறது? முந்தின வருஷம் காய்ச்சலில் அவள்தான் போய்விட்டாள்.

யூரியா நெடி பட்ட மறுநாள், நாமக்கல்லில் வேலை பார்க்கும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கேட் இல்லை, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப் பாதை. நாங்கள் இருந்த ரூம் இருந்த இடத்தில் மதில் சுவர். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. மகள் கையைத் தூக்கிக் காத்திருந்தாள். கடைசிப் பெட்டி வந்தது, தாழ்வாரமும் இல்லை, ஆளும் இல்லை. பின்னால் கையில் தூக்கும் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார்கள், அதில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"இப்பக் கொஞ்சங் கொஞ்சமா கார்டு பெட்டியே இல்லாமப் பண்ணிட்டு வாராங்கப்பா. வண்டி முழுசா வந்துருச்சான்னு அந்தச் சின்னப் பொட்டியே சொல்லிருமாம்" என்றாள்.

சொல்லிவிட்டும், வண்டி வளைவில் மறையும்வரை அவள் கையை இறக்கவில்லை.